விழுந்தவனைத் தூக்காமல்

சூலியா தெரு நாணயமாற்றுக் கடையில் வேலை பார்க்கும் ஷாஹிரா, சனிக்கிழமை ஆனால் கழுத்தில் விசிலை மாட்டிக்கொள்வாள். கூடைப்பந்து நடுவர். பல வருடங்களாகப் பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டங்கள்தான். அங்கே ஒரு பிள்ளை விழுந்தால் நடுவர்தான் ஓடிப்போய்த் தூக்கிவிட வேண்டும்.

நடுவர்களுக்கு ஆட்டம் பிரித்துக் கொடுக்கும் சுகுமாரன் அவளைவிட இளையவன். ஒருநாள் போன் செய்தான்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை கிளப் அரையிறுதி. ஆம்பளைங்க ஆட்டம். நீங்களும் குகன் அண்ணனும்."

"வெளையாடுறியா தம்பி? என்னை மிதிச்சிட்டுப் போயிருவானுங்க லா."

"பிள்ளைங்க ஆட்டத்துலயே இருந்தா அது மட்டுந்தான் தெரியும். கமிட்டி உங்களை வேணாம்னுதான் சொல்லுது, நான்தான் கேட்டு வாங்கினேன். சொதப்பினா, மறுபடி உங்க பேரை எடுக்க எனக்கு வாயில்ல."

ஞாயிறு. முதல் பாதியில் நடுக்கோட்டருகே பந்தைப் பறிகொடுத்த நெட்டையன் ஒருவன் அவள் காலடியில் விழுந்தான். யோசிக்கும் முன்பே குனிந்து கையை நீட்டிவிட்டாள். பந்து மறுமுனைக்குப் போய்விட்டது. அவள் நின்றிருக்க வேண்டிய இடத்தில் ஒருவனைத் தள்ளிவிட்டார்கள். பின்னால் தூரத்தில் இருந்த இன்னொரு நடுவர் குகனுக்குத் தெரியவில்லை. விசில் இல்லை.

"டீச்சரம்மா, மருந்தும் போட்டு விடுங்க!" கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

இடைவேளையில் சுகுமாரன் இறங்கி வந்தான். "கமிட்டி ஆளை மாத்தச் சொல்லுது. மாத்தவா?"

"மாத்தாதே." சப்பாத்து நாடாவை அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள்.

கடைசி நிமிடம். ஒரு புள்ளிதான் வித்தியாசம். பந்து மறுபடி கைமாறியது. அதே நெட்டையன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அலறி விழுந்தான். அவள் கை அசைந்தது. அந்தக் கையாலேயே விசிலைப் பற்றிக்கொண்டு அவனைத் தாண்டி ஓடினாள். கூடைக்கடியில், எறிபவனின் மணிக்கட்டில் அடி விழுந்தது. ஊதினாள். ஃபவுல் என்று முஷ்டியைத் தூக்கினாள். நெட்டையனின் அணி மொத்தமும் எழுந்து கத்தியது. அவள் முஷ்டியை இறக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் நெட்டையன் அவளிடம் வந்தான். "நான் விழுந்ததை நீங்க பார்க்கலையா?"

"பார்த்தேன். உங்களை யாரும் தொடல."

அவன் சிரித்துவிட்டு நகர்ந்தான்.

வாசலில் சுகுமாரன் நின்றான்.

"கமிட்டி என்னப்பா சொல்லுது?"

"முதல் பாதியைப் பத்தியே பேசுது."

"நீ?"

"அடுத்த ஞாயிறும் பெரிய ஆட்டந்தான். நேரத்தோட வந்துருங்க."