கவுண்டரில் ஒரு கீழாநெல்லிச் செடி

மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் என் இனத்தாருக்குத் தெரியும்: நாங்கள் தினமும் அதிகம் கேட்கும் கேள்வி "வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?"; அதிகம் கேட்கும் பதில் "இல்லை".

பச்சைப் பாட்டில்

சிங்கப்பூரில் தேக்கா சந்தை பக்கத்தில் இருக்கும் எங்கள் கிளினிக்குக்குப் புக்கிட் பாத்தோக்கிலிருந்து ஒரு மாமா வருவார். கொழுப்புக்கு மாத்திரை வாங்குபவர். ஒரு நாள் நான் கேள்வியை முடிப்பதற்குள் 'இல்லை' என்று தலையாட்டிவிட்டார். அவர் பையிலிருந்து கரும்பச்சையாக ஒரு பாட்டில் எட்டிப் பார்த்தது. நான் கூச்சக்காரி, அதைக் கைகாட்டவே எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது. கீழாநெல்லிச் சாறாம். மாத்திரை ஈரலைக் கெடுக்காமல் இருக்கத் தினமும் குடிக்கிறாராம். அப்படியானால் அதுவும் மருந்துதானே என்றேன்.

"மருந்துன்னா டாக்டர் கொடுக்கறதும்மா. இது செடி."

படித்த பிள்ளை

மார்சிலிங்கிலிருந்து ரீத்தா அக்கா தன் கணவர் சேவியர் அண்ணனுடன் வந்தார். அண்ணன் பேருந்து ஓட்டுநர். காசநோய்க்கு அன்றுதான் மாத்திரை தொடங்கினார். இந்த மாத்திரை ஈரலைப் பாதிக்கலாம், அதனால் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை இருக்கும் என்றதும் அக்காவின் முகம் வாடிவிட்டது. ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தேன். கல்லூரியில் என் கடைசி வருட ஆய்வே கீழாநெல்லிதான், மருந்தால் சேதமான ஈரல் செல்கள் மேல் அதன் சாற்றை விட்டதும் நிறைய செல்கள் பிழைத்துக்கொண்டன என்றேன். ஆய்வகத் தட்டில் நடந்தது உடம்பிலும் நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று சேர்ப்பதற்குள் அடுத்த வரிசை எண்ணை அழைத்துவிட்டார்கள். அக்கா கணவரின் தோளைத் தட்டினார்.

"கேட்டீங்களா, படிச்ச பிள்ளையே சொல்லுது."

இரண்டு வேளை டம்ளர்

ஐந்தாவது வாரம் அண்ணனின் ஈரல் அளவுகள் எகிறியிருந்தன. டாக்டர் மாத்திரைகளை நிறுத்தினார். காசநோய் மருந்தைப் பாதியில் நிறுத்துவது சின்ன விஷயமில்லை. மறுபடி தொடங்க முடியாமல் போனால்? கணினியில் 'வேறு மருந்து: இல்லை' என்று பதிந்தவள் நான். அக்காவிடம் இந்த முறை, "அவர் வேற என்ன குடிக்கிறார்?" என்று மாற்றிக் கேட்டேன். தேக்காவில் வாங்கி அரைத்த கீழாநெல்லி, காலை மாலை ஒரு டம்ளர். நான் சொன்ன நாளிலிருந்தே.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, எங்கள் பிரிவுக்குப் பெரியவரான மாலதி அக்காவிடம் போய் நின்றேன். அவர் திட்டவில்லை.

"உன் தட்டுல இருந்த செல்லுக்குப் பொண்டாட்டி இல்லை லா, ரெண்டு வேளையும் டம்ளரோட நிக்க."

அரைக்கும் நேரம்

சாற்றையும் நிறுத்தச் சொன்னார் டாக்டர். அதை ரீத்தா அக்காவிடம் நானே சொன்னேன். அரைகுறையாகச் சொன்ன தப்பு என்னுடையது என்பதையும் சொன்னேன். அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். அண்ணன் கவுண்டரில் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"கசப்பெல்லாம் எனக்குப் பழகிடுச்சும்மா. ஆனா அதை அரைக்கிற நேரந்தான் அவ அழாம இருக்கா."

சன்னல் வெளிச்சம்

திரும்பி வந்த அக்காவுக்கு வேறு வேலை கொடுத்தேன். தினமும் காலையில் சன்னல் வெளிச்சத்தில் அண்ணனின் கண்ணில் மஞ்சள் தெரிகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, சிறுநீர் கருத்திருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். எது மாறினாலும் உடனே எங்களைக் கூப்பிட வேண்டும். அளவுகள் மெல்ல இறங்கின. டாக்டர் மாத்திரைகளை ஒவ்வொன்றாக மறுபடி தொடங்கினார். ஈரல் தாங்கியது. அன்று கெடுத்தது மாத்திரையா, சாறா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

சிகிச்சை முடிந்த நாளில் அக்கா நோட்டை நீட்டினார். பக்கம் பக்கமாக 'கண் வெள்ளை'. ஒரே ஒரு நாள் மட்டும் 'கண் சிவப்பு. ராத்திரி முழுக்கப் பந்தாட்டம் பார்த்தார்.' பிறகு பையிலிருந்து ஒரு சின்னத் தொட்டியை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். கீழாநெல்லி. நான் வாயைத் திறப்பதற்குள் கையை உயர்த்தினார்.

"பயப்படாதம்மா, இதுக்குத் தண்ணி நீதான் ஊத்தணும், அவருக்கு நான் எதுவும் ஊத்தல."

இப்போதெல்லாம் நான் "வேற மருந்து சாப்பிடறீங்களா?" என்று கேட்பதை விட்டு "வீட்டுல யார் உங்களுக்கு என்ன அரைச்சுக் கொடுக்கிறாங்க?" என்று கேட்கிறேன், அதற்கு 'யாருமில்லை' என்று சொல்ல இதுவரை எவருக்கும் மனம் வரவில்லை.