கேட்டுக் கேட்டு நேரம் சொல்பவர்

“டீ சூடா இருக்கா?” என்று வரிசையில் நிற்கும் மூன்றாவது ஆளையும் கேட்டுவிட்டுத்தான் அவர் டோக்கன் வாங்குகிறார். முதல் ஆள் “இருக்கு” என்றிருப்பார், இரண்டாவது ஆள் உதட்டைப் பிதுக்கியிருப்பார். “ஒருத்தரை மட்டும் கேட்டா அவர் சொல்றதை நம்பித்தான் ஆகணும். ரெண்டு பேர் ரெண்டு விதமா சொன்னா யார் சரின்னு தெரியாது. மூணாவது ஆள் வந்தாத்தான் புளுகு யாரோடதுன்னு பிடிபடும்” என்பது அவர் கட்சி. இந்த விசாரணை முடிவதற்குள் டீ ஆறிவிடும். அதையும் ஊதி ஊதித்தான் குடிப்பார்.

எங்கள் பேருந்து நிலையத்தின் மாடியில், ஏசி ஓயாமல் உறுமும் சின்ன அறையில் அவருக்கு வேலை. நிலையத்தின் கணினிகள், டிக்கெட் மிஷின்கள், நடைமேடைகளுக்கு மேலே தொங்கும் நேரப் பலகைகள் எல்லாம் ஒரே நேரத்தைக் காட்டும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் ‘நேரம் அக்கா’ என்று பெயர். ஓய்வு பெறப்போகிற கண்டக்டர்கள்கூட அக்கா என்றே கூப்பிடுவதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

“எல்லா மிஷினுக்குள்ளயும் ஒரு கடிகாரம் இருக்கு. ஒண்ணு ஓடும், ஒண்ணு நொண்டும். சும்மா விட்டா ஆளுக்கொரு நேரம் சொல்லும்” என்பார். அதற்காக ஒவ்வொரு கணினியும் நெட்வொர்க் வழியாக வெளியே உள்ள நல்ல கடிகாரங்களிடம் அடிக்கடி நேரம் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ள ஏற்பாடு செய்வார். கேள்வி போய்ப் பதில் வருவதற்குள் கழிந்த நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டுமாம். “நீங்க பதில் சொல்றதுக்குள்ள பாதி மதியம் போயிடுது, அதை எதுல சேர்க்கிறது?” என்று பக்கத்து அறைக்காரனான என்னை ஒருநாள் கேட்டார்.

வீட்டில் இவர் அதிகாரம் செல்லாது. கணவர் கூடத்துக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் கூட்டி வைப்பார். “அப்பத்தான் எல்லாரும் அவசரமா கிளம்புவீங்க.” இவர் குளிக்கப் போகிற வழியில் சரியாக்குவார், வருவதற்குள் அது மறுபடி ஓடியிருக்கும். “அம்மா நேரமா, அப்பா நேரமா?” என்று கேட்டுவிட்டுத்தான் மகள் பள்ளிக்குக் கிளம்புகிறாள்.

போன மாதம் கிழக்கு வாசலில் தகராறு வந்தது. அந்தப் பக்கம் நிற்பவை பெரும்பாலும் டவுன் பஸ்கள். அவற்றுக்கு யாரும் நேரம் பார்ப்பதில்லை. நேரத்துக்குக் கிளம்ப வேண்டிய வெளியூர் வண்டி ஒன்றே ஒன்று, மதியம் மூன்று மணி வண்டி. அதை ஓட்டுபவரை ‘ஹாரன் அண்ணன்’ என்போம். அவர் தொண்டைக்கு வேறு ஹாரன் தேவையில்லை. வண்டி மூன்று நிமிடம் முன்னதாகவே போய்விடுகிறது என்று வண்டியைத் தவறவிட்டவர்கள் புகார் மேல் புகார் கொடுத்தார்கள். “பலகையைப் பார்த்துத்தான் சார் எடுக்கிறேன்” என்றார் அவர். மேனேஜர் மாடிக்கு போன் போட்டார். அக்கா தன் திரையைப் பார்த்தார், “பச்சையா இருக்கு சார், பலகை சரிதான்” என்று வைத்துவிட்டார். அப்படியானால் பொய் சொல்வது டிரைவர். வண்டியைப் பறித்து அவரை டெப்போவில் உட்கார வைக்க முடிவாயிற்று.

ஹாரன் அண்ணன் மாடியேறி வந்தார். அன்றைக்கு அவர் குரல் என் அறைவரைகூட எட்டவில்லை. நான்தான் எழுந்து போனேன்.

“தங்கச்சி, நீ பச்சைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டே. எனக்கு சிவப்பு விழுந்துடுச்சு.”

“உக்காருங்கண்ணே” என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு அக்கா தட்டச்சு செய்தார். கிழக்கு வாசல் பலகைகளுக்கு நேரம் கொடுப்பவை இரண்டு கணினிகள். முதலாவதிடம், நீ யாரைக் கேட்டு நேரம் சொல்கிறாய் என்று விசாரித்தார். இரண்டாவதைக் காட்டியது. இரண்டாவதை விசாரித்தார். அது முதலாவதைக் காட்டியது. அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

“சிரிக்கிறியேம்மா, எனக்கு வண்டி போகப்போகுது!”

“உங்களைப் பார்த்து இல்லண்ணே. என் லட்சணத்தைப் பார்த்து.”

அக்காவே மேனேஜர் அறைக்குப் போனார். “தப்பு என்னோடது சார். பழைய மிஷினை மாத்தினப்போ, ஒரு நாளைக்குத்தானேன்னு ரெண்டையும் ஒண்ணையொண்ணு கேட்டுக்கச் சொல்லி வெச்சேன். வெளிக் கடிகாரங்களைச் சேர்க்க மறந்துட்டேன். ரெண்டும் கைகோத்துக்கிட்டு முன்னாடி ஓடியிருக்கு.”

“திரையில பச்சைன்னீங்களே?”

“ஒத்துமையா இருந்தா பச்சை சார். ஒத்துமையா தப்பு பண்ணினாலும் பச்சைதான்.”

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். “உங்களுக்கு மெமோ உண்டு.”

“குடுங்க சார். அதுல போடுற நேரத்தை மட்டும் நான் சரிபார்த்துத் தரேன்.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு மேனேஜர் சொன்னார்: “இன்னைக்கு நேரத்துக்கு வந்த ஒரு ஆளை மூணு மணி வண்டி விட்டுட்டுப் போகட்டும், உங்களையும் டிரைவரையும் சேர்த்து டெப்போவுக்கு அனுப்பிடறேன்.”

அக்கா வெளிக் கடிகாரங்களைச் சேர்த்தார். ஆனால் பலகையைச் சட்டென்று பின்னால் இழுக்கவில்லை. “டிக்கெட் மிஷினும் இதே நேரத்துலதான் ஓடுது. இழுத்தா, ஆள் ஏறுறதுக்கு முன்னாடியே இறங்கிட்டதா எழுதி வைக்கும்” என்றார். ஓட்டத்தை மட்டும் கொஞ்சம் தளர்த்திவிட்டார். மெல்ல மெல்ல உண்மையான நேரம் வந்து பிடித்துக்கொள்ளும். அன்று மதியம் கிழக்கு வாசலில் ஒவ்வொரு நொடியும் இம்மியளவு நீளமாக ஓடியது.

பலகை மூன்று காட்டியபோது உண்மையான மூன்று மணிக்கு இன்னும் ஒரு நிமிடம் பாக்கி இருந்தது. ஹாரன் அண்ணன் இன்ஜினைப் போட்டுவிட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். “இப்ப நான் எதை நம்பி எடுக்கிறது, தங்கச்சி?”

அக்கா நேராக வண்டிக்கு முன்னால் வந்து நின்று, அதிர்ந்துகொண்டிருந்த அதன் முகப்பில் உள்ளங்கையை அழுத்தி வைத்தார். மறு கையில், சரியான நேரம் ஓடும் கைப்பேசி. பின்னால் டவுன் பஸ்கள் ஹாரன் அடித்தன, யாரோ திட்டினார்கள். தோளில் குழந்தையும் கையில் பையுமாக ஒருவர் ஓடி வந்து படியில் தொற்றிக்கொண்டார். அப்போதும் அக்கா கையை எடுக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, முகப்பை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு விலகி வழிவிட்டார்.