பக்கத்துக் குடுவை

ஸ்டெல்லா போன செய்தி வந்தபோது என் கையெல்லாம் தேனீப் பிசின். கூட்டின் இடுக்குகளை அடைக்கத் தேனீக்கள் சேர்க்கும் அந்தப் பிசின் சோப்புக்குப் போகாது. ஒட்டிய விரலோடு போனை எடுத்தேன். “அக்கா தூக்கத்துலயே போயிட்டாங்க. சாயங்காலம் அடக்கம், மேல்பட்டாம்பாக்கம் வந்துடுங்க” என்றான் அவள் தம்பி. எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். இன்று கலவை வைக்கலாம் என்று சொன்னவளே அவள்தான்.

சிதம்பரத்தில் ஒரே ஆய்வுக்கூடத்தில் ஒரே மேசை எங்களுக்கு. பிசின் சாற்றில் வெள்ளி உப்பைச் சேர்த்தால் கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள் உருவாகும். அதில் சர்க்கரைப் புண்ணுக்குக் களிம்பு செய்தே தீருவது என்று ஸ்டெல்லா பிடிவாதமாக இருந்தாள். “எங்கம்மா கால எடுத்துட்டாங்க. இன்னொருத்தங்க காலாவது நிக்கட்டும்” என்பாள்.

துகள் உருவானால் கரைசல் பழுப்பாகும். ஒருமுறை நிறத்தைப் பார்த்த வேகத்தில் எல்லோருக்கும் கேசரி வாங்கிக் கொடுத்துவிட்டோம். பிறகுதான் உறைத்தது, அது பிசினின் சொந்த நிறம். துறையே சிரித்தது. “கேசரி நல்லாத்தான இருந்துச்சு, விடு மாலதி” என்றாள். அதற்குப்பின் வெள்ளி சேர்க்காத குடுவை ஒன்றைப் பக்கத்தில் வைக்காமல் அவள் வேலையைத் தொடங்கியதே இல்லை. “பக்கத்துல ஒண்ணு சும்மா இருந்தாத்தான் இது மாறுனது தெரியும்.” கருவியில் போடுவதெல்லாம் அப்புறம். முதலில் இரண்டையும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து என்னைக் கூப்பிடுவாள். “நீ பாத்து சொல்லு. எனக்கு ஆசை. நான் பாத்தா பழுப்பாத்தான் தெரியும்.”

அடக்கத்துக்கு முன் யாரோ ஒரு அம்மாள் அவள் விரல் நுனியின் கறுப்பை ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். வெள்ளி உப்பின் கறை அது. என் விரலிலும் இருந்தது. “அது போவாதும்மா, விடுங்க” என்றேன். அப்போதுதான் அழுதேன்.

எனக்கு வீட்டில் யாரும் இல்லை. நாளெல்லாம் நான் பேசியது அவளோடுதான். இப்போது மதியம் டப்பாவைத் திறந்தால் மூடியின் சத்தம் பெரிதாகக் கேட்கிறது. பாதிச் சோற்றோடு மூடிவிடுகிறேன்.

நேற்று தனியாகக் கலவை வைத்தேன். இரண்டு குடுவைகள். ஒன்று மாறியதுபோல் இருந்தது. சன்னலில் பிடித்துப் பார்த்தேன், என் கண்ணை நம்ப முடியவில்லை. எனக்கும் அவ்வளவு ஆசை. வராந்தாவில் போன பக்கத்துத் துறைக்காரரைக் கூப்பிட்டு, “கொஞ்சம் பாத்து சொல்லுங்க” என்றேன். “அதவிட இது நல்லாவே பழுப்புதாங்க மேடம்” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

ஸ்டெல்லாவைத் தெரிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பக்கத்துக் குடுவையை. கரைசல் மாறியிருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு இருந்தது அவள் ஒருத்திதான்.