பெருக்கிப் பாருங்க மேடம்

மூணு வருஷம் முன்னால், கோடை விடுமுறை முடியப் போகும் சமயம். விழுப்புரத்தில் ஒரு தனியார் பள்ளியில், ஆறாம் வகுப்பில் சேர நுழைவுத் தேர்வு எழுதிய என் மகளோடு தலைமை ஆசிரியையின் அறையில் நின்றிருந்தேன். மேசை மேல் அவள் எழுதிய தாள். ஐந்து வகுத்தல் கணக்கு. ஐந்தையும் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள்.

இங்கே என் பிழைப்பைச் சொல்லிவிட வேண்டும். திண்டிவனத்தில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கிறேன். படிப்பு ஒன்பதாவதோடு நின்றது. ஆனால் மூட்டையில் கணக்குப் புத்தகம் வந்தால் மட்டும் அதைத் தனியே எடுத்து வைத்துவிடுவேன். புதுச்சேரியில் யாரோ வீட்டைக் காலி செய்து போட்ட மூட்டையில் பிரான்ஸ் நாட்டுப் பள்ளிக் கணக்குப் புத்தகம் ஒன்று கிடைத்தது. இன்னொரு மூட்டையில் சிங்கப்பூர்ப் புத்தகம். இரண்டையும் நம்ம பாடநூலோடு பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு அப்பனும் மகளும் உட்கார்ந்துவிடுவோம். சிங்கப்பூரில் கணக்கை முதலில் நீளப் பெட்டிகளாக வரைந்து விடுகிறார்கள். பாதி விடை படத்திலேயே தெரிந்துவிடும். பிரெஞ்சில் எனக்கு ஓர் எழுத்துத் தெரியாது. இருந்தாலும் வகுத்தல் புரிந்தது. நம் புத்தகத்தில் வகுக்கும் எண் இடப்பக்கம், ஈவு தலைக்கு மேல். அவர்களுக்கு வகுக்கும் எண் வலப்பக்கம், ஈவு அதன் காலடியில். கழித்தலை மனசிலேயே முடித்து மீதியை மட்டும் எழுதுகிறார்கள். இடம் மிச்சம் என்று என் மகளுக்கு அது பிடித்துப்போனது. தேர்விலும் அப்படியே எழுதிவிட்டாள்.

அடிப்படையே தெரியவில்லை, இவளுக்கு இடம் தர முடியாது என்றார் தலைமை ஆசிரியை. யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். மேலும் கீழும் பார்த்தார்.

எனக்குச் சுருக்கென்றது. "விடையைப் பெருக்கிப் பாருங்க மேடம். தப்பா இருந்தா நானே கூட்டிக்கினு போயிடறேன்" என்றேன்.

வேண்டாவெறுப்பாகத்தான் பேனாவை எடுத்தார். முதல் கணக்கு சரி. இரண்டாவதும் சரி. நான்கு வரைக்கும் சரி. ஐந்தாவது தப்பு. 4228-ஐ 14-ஆல் வகுத்து 32 என்று எழுதியிருந்தாள். என் முகம் தொங்கிப்போனது. அவருக்கோ தெம்பு வந்துவிட்டது. ஆனாலும் மனசு இளகியவர்போல ஒரு வழி சொன்னார்.

"பொண்ணு கெட்டிக்காரிதான். இனிமே வீட்ல நீங்க கணக்கு சொல்லித் தர மாட்டேன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடுங்க. சீட்டு போட்டுடறேன்."

வெள்ளைத்தாள் ஒன்றையும் என் பக்கம் தள்ளினார். அதன் மேல் தன் பேனாவையும் வைத்தார். அந்தப் பள்ளியில் மகளைச் சேர்க்க வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. திரும்பி மகளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புள்ளைக்கு சோறு ஊட்ட மாட்டேன்னு எழுதிக் கேக்கறா மாதிரி இருக்குது மேடம். அது நம்மால ஆவாதுங்க."

தாளை அப்படியே திருப்பி வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

வீராப்பெல்லாம் பேருந்து ஏறும் வரைக்கும்தான். கோபத்தில் அறுத்த மூக்கு சந்தோஷத்தில் ஒட்டுமா என்பார்கள். என் ரோஷத்துக்குப் பிள்ளையின் இடத்தைப் பலி கொடுத்துவிட்டேனோ என்று தோன்றிவிட்டது. விக்கிரவாண்டி தாண்டியிருக்கும். ஹால் டிக்கெட்டின் பின்பக்கத்தில் அவள் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். அதே ஐந்தாவது கணக்கு. நம்ம முறையில் ஒன்று, பிரெஞ்சு முறையில் ஒன்று.

"நடுவுல பூஜ்யத்த உட்டுட்டேம்பா. முந்நூத்தி ரெண்டு வரணும். எந்த நாட்டு மாதிரி போட்டாலும் அத உட்டா தப்புதான்."

ஹால் டிக்கெட்டை மடித்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "லெட்டரு எழுதிக் குடுத்துட்டு வந்திருந்தினா உங்கூட பேசியே இருக்க மாட்டேன்" என்றாள்.

திண்டிவனத்திலேயே அரசுப் பள்ளியில் சேர்த்தேன். அங்கே அவளுடைய கணக்கு ஆசிரியர் முதல் வாரமே கரும்பலகையில் இரண்டு முறையையும் பக்கத்தில் பக்கத்தில் போடச் சொன்னாராம். கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு? நான் நின்றுபோன அதே ஒன்பதாவதை அவள் இப்போது தாண்டிக்கொண்டிருக்கிறாள். கடையில் ஆள் இல்லாத நேரம் இயற்கணிதத்தை எனக்கு அவள்தான் சொல்லித் தருகிறாள். அன்று அந்த வெள்ளைத்தாளில் நான் எழுதிக் கொடுத்திருந்தால், என் மகளுக்கு ஒரு நல்ல பள்ளி கிடைத்திருக்கலாம், எனக்கு இந்த வாத்தியார் கிடைத்திருக்க மாட்டாள்.