அமெரிக்காவில் துவரை

எங்கள் வீட்டில் கடிதம் என்பது கூட்டுச் சொத்து. கிணறு, எருமை, பித்தளை அண்டா மாதிரி அதுவும் எல்லாருக்கும் பொது. அப்பா பெங்களூரில் கட்டட மேஸ்திரியாக இருந்தார். எப்போதாவது அவர் போடும் இன்லேண்டு கடிதம் ஏரியூர் போஸ்டாபீசிலிருந்து தபால்காரரின் சைக்கிளில் வந்து சேரும். வந்ததும் பிரித்துவிட முடியாது. மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைக்க வேண்டும். சாயங்காலம் குடும்ப செபமாலை முடிந்து, தாத்தா எல்லார் நெற்றியிலும் சிலுவை போட்ட பிறகு, அத்தை அதைப் பிரித்து உரக்கப் படிப்பாள். கடிதம் வந்த நாளில் மட்டும் எங்கள் செபமாலை ஓட்டமும் நடையுமாக முடிந்துவிடும். தாத்தாவும் கண்டுகொள்ள மாட்டார்.

பதில் எழுதுவதும் அப்படித்தான். ஆளாளுக்குச் சொல்லச் சொல்ல அத்தை எழுதுவாள். தாத்தா மழையையும் கட்சிகளையும் பற்றிச் சொல்வார். நான் ரிப்பன் கேட்பேன். அம்மாவின் முறை வரும்போது அவள் அடுப்படியை விட்டு வராமலே, "நல்லா இருக்கேன்னு எழுதிக்கோ பாப்பா" என்பாள். மாமனார் எதிரே, நாத்தனார் கையால், புருஷனுக்கு வேறு என்னதான் எழுதிவிட முடியும்?

அம்மா எட்டாவது வரை படித்தவள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். தனியாக ஒரு கடிதம் எழுதிப் போட்டிருக்கலாமே என்று யாரும் கேட்கலாம். எங்கள் வீட்டு வரலாறு தெரியாதவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். பெரியப்பா வெளியூரில் வேலையாக இருந்தபோது பெரியம்மா அவருக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டாராம். அடுத்த அறுவடைக்குள் நிலம் இரண்டாகப் பிரிந்தது, அடுப்பும் இரண்டானது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தனிக் கடிதம் என்றால் பாகப்பிரிவினை என்று அர்த்தம். பத்துக் கட்டளைகளில் ஒன்றிரண்டை நான் மறந்தாலும் இதை மறந்ததில்லை.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. பன்னிரண்டாவதில் நல்ல மார்க் வாங்கியும் தாத்தா அவளைக் கல்லூரிக்கு அனுப்பவில்லை. பஸ்ஸில் தினமும் போய்வர வேண்டாம் என்று படிப்பையே வீட்டுக்கு வரவழைத்துக் கொடுத்தார். அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு. பழுப்பு அட்டை போட்ட பாடங்கள் கட்டுக்கட்டாக வரும். அவற்றில் அமெரிக்க வரலாறும் ஒன்று. அப்பாவிடமிருந்து கடிதம் வராத நாள்களில், செபமாலை முடிந்ததும் சும்மா எழுந்துபோக மனமில்லாமல், "உன் பாடத்த எதையாவது படி, கேக்கலாம்" என்பார் தாத்தா.

இப்படித்தான் அமெரிக்கா எங்கள் வீட்டுக்குள் வந்தது. அந்த நாடு விடுதலைக்குப் போராடி, புதிதாக எழுந்து நின்ற காலம். தலைவர்கள் எல்லாரும் சட்டம் எழுதவும் ஆட்சி நடத்தவும் வீட்டை விட்டு மாதக்கணக்கில் வெளியூரில் கிடந்தார்கள். ஊரில் அவர்களுடைய மனைவிமார் பண்ணையத்தைப் பார்த்தார்கள், பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்தார்கள், நாட்டு நடப்பை எல்லாம் அலசிப் புருஷனுக்குக் கடிதம் எழுதினார்கள். அப்படி எழுதியவர்களில் ஒருத்தியைத் தாத்தாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நீங்கள் எழுதும் சட்டத்தில் பெண்களுக்கும் இடம் வையுங்கள் என்று அவள் புருஷனுக்கு எழுதியதை அத்தை படித்தபோது, தாத்தா தொடையில் தட்டிச் சிரித்தார்.

"அந்தம்மாவுக்கு வாய் சாஸ்திதான். ஆனா நாயம் தெரிஞ்சவங்க" என்றார்.

அம்மா களித் துடுப்பைக் கையில் பிடித்தபடி அடுப்படி வாசலுக்கு வந்து நின்றாள்.

"பாப்பா, அந்தம்மா எழுதுனத அங்க யாரு எல்லாருக்கும் படிச்சுக் காட்டுவாங்க?"

"யாரும் இல்லீங்க அண்ணி. அவங்க வூட்டுக்காரரு மட்டுந்தான் படிப்பாரு."

அம்மா உள்ளே போனாள். அன்று களி கட்டி கட்டியாக இருந்தது. எங்கள் அம்மா கிண்டிய களியில் கட்டி விழுந்தது எனக்குத் தெரிந்து அந்த ஒருநாள்தான்.

அந்தக் கோடையில் நான் ஐந்தாவது முடித்திருந்தேன். ஊரில் அதற்கு மேல் வகுப்பு இல்லை. தருமபுரியில் கன்னியர்கள் நடத்தும் பள்ளியில் விடுதியோடு எனக்கு ஓர் இடம் இருப்பதாக, பூசைக்கு வந்த சிஸ்டர் சொல்லிவிட்டுப் போனார். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆனால் பதிலைத் தாத்தா அதற்கு முன்பே வேறோர் இடத்தில் சொல்லிவிட்டிருந்தார். பஞ்சாயத்துத் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர், "அடுத்த வருசம் நம்மூர்லயே ஆறாவது வந்துருங்க, நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்தார். தாத்தா அத்தனை பேர் நடுவில், "அப்படீன்னா எம் பேத்தி இங்கியேதான் படிப்பா. ஒரு வருசம் காத்திருப்பா" என்று பதில் வாக்குக் கொடுத்துவிட்டார். அவர் வாக்கு என்றால் ஊரில் ஒரு மதிப்பு இருந்தது. அந்த மதிப்பைக் காப்பாற்றும் வேலை இப்போது என் தலையில்.

எனக்கு அதில் வருத்தம் துளியும் இல்லை. விடுதியில் மூன்று வேளையும் உப்புமாதான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரு வருடம் பள்ளிக்கூடமே கிடையாது என்பதை விடப் பெரிய வரம் பத்து வயதில் என்ன இருக்கிறது? ஆடு மேய்த்துக்கொண்டு, புளியம்பிஞ்சு தின்றுகொண்டு ராணி மாதிரி இருக்கலாம் என்று கணக்குப் போட்டேன். அப்பாவும், "மக படிப்பு விசயம் அப்பா சொல்ற மாதிரியே செய்யவும்" என்று எழுதிவிட்டார். அதை அத்தை படித்தபோது, அடுப்படியில் ஏதோ பாத்திரம் கொஞ்சம் பலமாகக் கீழே வைக்கப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ஒரு சாயங்காலம். செபமாலை முடிந்தது, சிலுவையும் போட்டாயிற்று. "அந்த அமெரிக்கா அம்மா கதி என்னாச்சு?" என்றார் தாத்தா. அத்தை பாடத்தைப் பிரித்தாள். அன்று அவள் குரல் தந்தியடித்ததாக இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்குக் கொட்டாவிதான் வந்தது.

"அன்புள்ள உங்களுக்கு. இங்கே அனைவரும் நலம், மாடுகளும் நலம். மழை தாமதமாவதால் துவரை இன்னும் விதைக்கவில்லை. நம் மகள் சிறிய பள்ளிக்கூடத்துப் படிப்பை முடித்துவிட்டாள். நம் ஊருக்குப் பெரிய பள்ளிக்கூடம் கொண்டுவருவதாகத் தேர்தலில் நிற்கும் கனவான் சொல்கிறார். சென்ற தேர்தலிலும் சொன்னார். அன்று அதை நம்பிக் காத்திருந்த பெண் பிள்ளைகள் இன்று இடுப்பில் குழந்தையோடு தண்ணீர் எடுக்கப் போகிறார்கள். உங்கள் தகப்பனார் அந்தக் கனவானுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அவர் மிக நல்லவர். அவர் சொல் தவறினார் என்ற பேர் வருவதை நானும் விரும்பவில்லை. ஆனால் நம் மகளுக்கு இந்த வயது திரும்பி வராது. இதை நான் வேறு யாரிடம் சொல்வேன்?"

தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அமெரிக்காவுலயும் தொவரை போடறாங்களா?"

"போடுவாங்கப்பா" என்றாள் அத்தை, பாடத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

எனக்குத் துவரையைப் பற்றிக் கவலையில்லை. நான் அந்த அமெரிக்கச் சிறுமியைத்தான் நினைத்தேன். வெள்ளைக் கவுனும் தங்க நிறச் சடையுமாக அவள் தண்ணீர்க் குடத்தோடு நடந்து போவது கண்ணுக்குத் தெரிந்தது. பாவம், அவளுக்கு எப்படிப்பட்ட தாத்தா வாய்த்திருக்கிறார்! நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன்.

"தாத்தா, அந்தப் புள்ளைய பள்ளிக்கூடம் அனுப்பச் சொல்லுங்க தாத்தா" என்று அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

அம்மா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தாத்தா என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், அம்மா பக்கம் மட்டும் திரும்பவில்லை. அவள் மனசு நோகக் கூடாது என்றுதான் திரும்பவில்லை என்று இன்று நினைக்கிறேன்.

"அந்தப் பெரியவரு கடைசில என்னா செஞ்சாருன்னு போட்டிருக்குதா?" என்று கேட்டார்.

"அதுக்கு மேல பாடத்துல இல்லீங்கப்பா."

"ம்" என்றார். சோற்றைப் போடச் சொன்னார். நான் மட்டும் விசும்பிக்கொண்டே சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தாத்தா நேரே சிஸ்டரிடம் போய், "எம் பேத்திய சேத்துக்கங்கம்மா" என்றார். என் ராணி வாழ்க்கை அந்த இடத்திலேயே முடிந்தது. கோயில் வாசலில் அந்த வேட்பாளர் விடவில்லை. "என்னாங்க பெரியவரே, நம்ம பேச்சு?" என்று கொக்கி போட்டார். தாத்தா கொஞ்சமும் அசரவில்லை. "பேச்சு பேச்சுதானுங்க. நீங்க பள்ளிக்கூடத்தக் கொண்டாங்க. அதுல பாடம் நடத்த டீச்சர் வேணுமில்ல? அதுக்குத்தான் இவள இப்பவே அனுப்பி வெக்கிறேன்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வேட்பாளரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். அந்தத் தேர்தலில் அவர் ஜெயித்தார். எங்கள் ஊருக்கு ஆறாவது வந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன்.

நான் டீச்சராகத்தான் ஆனேன், கல்லூரியில். என் பாடமும் வரலாறுதான், அமெரிக்க வரலாறு உட்பட. அந்த அம்மாள் எழுதிய கடிதங்களை முதன்முதலாக முழுத் தொகுப்பாகக் கையில் எடுத்தபோது, துவரைக் கடிதத்தைத்தான் ஆசையாகத் தேடினேன். பக்கம் பக்கமாகப் புரட்டியும் அப்படி ஒரு கடிதம் இல்லை. அத்தைக்குப் போன் போட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"உங்கம்மா அடுப்புப் பக்கம் ஒக்காந்து சொல்லச் சொல்ல எழுதுனது. நான் பாடப்புத்தகத் தமிழ்ல மாத்துனேன், அவ்வளவுதான். தொவரைய எடுத்துரலாம் அண்ணின்னு சொன்னேன். அது இல்லாம எப்படிக் கடுதாசின்னுட்டாங்க" என்றாள்.

தாத்தாவை எப்படி ஏமாற்றினீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. விடுதிக்குக் கிளம்பிய காலையில் நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பெட்டி வாசலில் இருந்தது. நான் புதுப் பாவாடையில் நின்றுகொண்டிருந்தேன். பஸ் வரும் நேரம். தாத்தா ஏரியூர் போஸ்டாபீசில் வாங்கி வந்த இன்லேண்டுகளில் ஒன்றை மாதா படத்துக்குப் பின்னால் செருகினார். இன்னொன்றை அம்மாவிடம் நீட்டினார். அவர் தன் கையால் அம்மாவிடம் எதையும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

"இது உனக்கும்மா. உனக்கு எழுதணும்னு தோணறத நீயே எழுதி ஒட்டிரு. இங்க யாரும் பிரிக்க மாட்டோம்" என்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தொவரை வெதச்சாச்சுன்னு அதுலயே எழுதிரு" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

அம்மா அந்த நீலத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. பஸ் ஏறியதும் அழத் தொடங்கிய நான், தருமபுரி வரை நிறுத்தவில்லை. பிள்ளை வீட்டை விட்டுப் பிரிகிறதே என்று பக்கத்துச் சீட்டு அம்மாள் பொரி உருண்டை கொடுத்துத் தேற்றினார். சிஸ்டரும் அப்படித்தான் நினைத்து என் தலையைத் தடவிக் கொடுத்தார். நானோ, அம்மா கைக்குத் தனிக் கடிதம் வந்துவிட்டது, லீவுக்குத் திரும்பிப் போகும்போது எங்கள் வீட்டில் இன்னோர் அடுப்பு இருக்கும் என்று அழுதுகொண்டிருந்தேன்.