பெயர் எழுதாத படகு

சுடலைமுத்து ஓசூரில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் உலை முன்னால் நின்றவர். மூச்சு வாங்கத் தொடங்கியதும் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். தூத்துக்குடிப் பக்கம் அவர் தம்பி அடுத்தவர் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். வந்த பணத்தில் தம்பிக்கும் தனக்குமாக ஒரு படகு செய்துகொண்டு ஊர் திரும்புவது என்று முடிவு செய்தார்.

பாகலூர் சாலையில் ராஜ்குமாரின் ஃபைபர் பட்டறை இருந்தது. தண்ணீர்த் தொட்டிகளோடு படகும் செய்வார்கள். பக்கத்தில் இருந்தால் தினமும் போய்ப் பார்க்கலாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

"வேல ஆக ஆகக் குடுங்க. மொத்தத்தையும் தூக்கிக் குடுத்துராதீய" என்றாள் மனைவி வீரலட்சுமி.

ராஜ்குமாரோ, "ஃபைபருக்கு ஊத்துற ரெசின் வெல ஏறிக்கிட்டே போகுதுங்கண்ணா. முழுசா குடுத்துட்டா இன்னைக்கே வாங்கிப் போட்டுருவேன்" என்றான். படகுக்குப் பேசிய ஐந்து லட்சத்தையும் சுடலைமுத்து கொடுத்தார். துண்டுச் சீட்டில் 'அட்வான்ஸ்' என்று எழுதி நீட்டினான்.

அந்தப் பணம் ராஜ்குமாரின் பழைய கடனுக்குப் போனது. படகின் உடல் மட்டும் அச்சிலிருந்து வெளியே வந்தது. அதோடு வேலை நின்றது. வங்கிக் கடனையும் அவன் கட்டாததால், இரண்டு மாதம் கழித்துப் பட்டறைக் கதவில் வங்கியின் பூட்டு தொங்கியது.

அன்று இன்னொரு வாடிக்கையாளரும் வந்திருந்தார். போச்சம்பள்ளி மாதவன். கட்டங்கட்டமாகப் பணம் கொடுத்து, ஒவ்வொரு முறையும் படகின் எண்ணைப் போட்டு, 'இது மாதவனுக்குச் சொந்தம்' என்று கையெழுத்து வாங்கி வைத்திருந்தார். காகிதங்களைப் பார்த்த வங்கி அதிகாரி, மேலிடத்தில் கேட்டுவிட்டு அவர் படகை விட்டுக்கொடுத்தார்.

"என் படகு அந்தா கெடக்கு சார்" என்றார் சுடலைமுத்து.

"உங்களுதுன்னு எதுல எழுதியிருக்கு?"

அவர் துண்டுச் சீட்டை நீட்டினார். அதில் படகு என்ற சொல்லே இல்லை. கடன் கொடுத்தவர்கள் பட்டியலில் அவர் பெயரைக் கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள். போலீசில் கொடுத்த புகாருக்கும் ரசீதுதான் கிடைத்தது.

வங்கி விட்ட ஏலத்தில் ஒரு ரிசார்ட்காரர் அந்தப் படகை எழுபதாயிரத்துக்கு எடுத்தார். லாரியில் ஏற்ற ஆள் போதவில்லை. சுடலைமுத்து போய்த் தோள் கொடுத்தார். இறங்கி வந்து, இரைக்கும் மூச்சோடு அந்த மனிதரிடம் சொன்னார்:

"எடப்பக்கம் அடியில ஃபைபர் ஒரு அடுக்கு கொறைவாப் போட்ருக்கான். சரி பண்ணாம தண்ணியில எறக்கிராதீங்க. ஆளு ஏறுற படகு."

மறுவாரம் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்தார். தம்பிக்கு அவர் போன் செய்யவில்லை. வீரலட்சுமிதான் கூப்பிட்டு, படகு கைவிட்டுப் போனதைச் சொன்னாள்.