சவூதிக்கு அனுப்பிய சிரிப்புக் கதைகள்

என் மனைவி வீட்டு வேலைக்காகச் சவூதிக்குப் போனபோது எங்கள் மகளுக்கு இரண்டு வயது. நுரைச்சோலைக்குப் பக்கத்தில், வெங்காயத் தோட்டங்கள் முடிந்து கடற்கரை மணல் தொடங்கும் இடத்தில் இருந்த அகதி முகாமில் அப்போது இருந்தோம். யுத்தத்தில் வடக்கில் இருந்த முஸ்லிம்கள் எல்லோரும் ஊரை விட்டு வெளியேற வேண்டி வந்தபோது, வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டியில் வந்து இறங்கியவர்கள் நாங்கள். நாலைந்து மாதத்தில் திரும்பிவிடலாம் என்ற நினைப்பில் கட்டிய கிடுகுக் கொட்டில் அது. மூன்றாம் தடவை கூரை மாற்றிய அன்றுதான் அவள் அந்தப் பேச்சை எடுத்தாள்.

"இனி ஒரு கல்வீடு வேணும். ரெண்டு வருசம் போயிட்டு வாறன். பிள்ளையை ராத்தா பாத்துக்கொள்ளுவா."

பக்கத்துக் கொட்டிலில் இருந்த அவளுடைய ராத்தா, கூடப் பிறந்த மூத்தவள், முன்பே சம்மதம் சொல்லியிருந்தாள். நான்தான் கடைசியாகக் கேள்விப்பட்டவன்.

முகாம் பிள்ளைகளுக்குப் பின்னேரங்களில் நடந்த பள்ளிக்கூடத்தில் நான் தொண்டர் ஆசிரியராக இருந்தேன். கொழும்பிலிருந்து யாரோ ஒரு சாக்கு நிறையப் பழைய புத்தகங்கள் அனுப்பியிருந்தார்கள். அதற்குள் அட்டை போன, செங்கல் தடிப்பில் ஒரு புத்தகம் கிடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதராசில் இருந்த ஒரு நகைச்சுவை எழுத்தாளர் பத்திரிகைகளுக்கு எழுதிய சிறு சித்திரங்களின் முழுத் தொகுப்பு. பிள்ளைகளுக்கு அந்த நடை விளங்காது என்று வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

என் மனைவி ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வாசிக்கத் தெரியும், ஆனால் எழுத்துக் கூட்டுவதற்குள் சிரிப்பு போய்விடுகிறது என்பாள். அதனால் நான் வாசிப்பேன், அவள் கூலிக்குக் கொண்டு வந்த வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டு கேட்பாள். அவளுடைய சிரிப்புக்கு முதலில் சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும். பிறகு ஒரு விக்கல் போல ஒன்று வெளியே வரும். அதற்குப் பிறகு அடக்க முடியாது. அடுத்த கொட்டிலில் இருந்து ராத்தா, "என்னடி, எனக்கும் சொல்லுங்களன்" என்று கேட்பாள்.

அவளுக்குப் பிடித்தது சேவல் வழக்கு. பக்கத்து வீட்டுச் சேவல் விடியுமுன் கூவுகிறது என்று ஒரு பென்சன்காரர் கோட்டில் முறைப்பாடு செய்கிறார். வழக்கு முடியும் வரை சேவலைச் சாட்சிப் பொருளாக அவரிடமே ஒப்படைக்கிறார்கள். அவர் அதற்குத் தவிடு போடுகிறார், தடிமன் பிடித்தால் கஷாயம் கொடுக்கிறார், கடைசியில் வழக்கு நாளன்று சேவலின் பக்கம் நின்று சாட்சி சொல்கிறார். "கனம் நீதிபதி அவர்களே" என்று அவர் தொடங்கும் இடம் வந்தால் அவள் வெங்காயத்தைக் கீழே போட்டுவிடுவாள்.

அந்த எழுத்தாளரின் காலத்திலும் ஒரு பெரிய யுத்தம் நடந்திருக்கிறது. புத்தகம் முழுக்கத் தேடியும் அதைப் பற்றி ஒரே ஒரு வரிதான் கண்டேன். மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை என்று ஒரு பாத்திரம் அலுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். முதலில் அது எனக்குக் கோபத்தைத் தந்தது. பிறகு, அவள் போன பிறகு, அந்த மனிதரை எனக்கு விளங்கத் தொடங்கியது.

அவள் போய் ஏழாம் மாதம், விடுமுறையில் வந்த ஒரு பெண்ணிடம் ஒரு சின்ன கசற் ரெக்கோடர் கொடுத்து அனுப்பியிருந்தாள். அதே போல ஒன்று தன்னிடமும் வைத்திருந்தாள். கூடவே ஒரு கடிதம். "உங்கட கடிதம் வாசிக்க அஞ்சு நிமிசம் காணும். பிறகு ஒண்டும் இல்ல. அந்தப் பொத்தகத்தை வாசிச்சு அனுப்புங்க."

முதல் கசற்றுக்கு நான் பட்ட பாடு சொல்ல முடியாது. சத்தம் இல்லாத நேரம் முகாமில் கிடையாது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, ராத்தாவின் றேடியோவை நிறுத்தச் சொல்லி, கொட்டிலின் படலையைச் சாத்தி, அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகளைக் கடற்கரைக்கு விரட்டிவிட்டு வாசித்தேன். பள்ளிக்கூடத்தில் வாசிப்பது போல, நிறுத்தற்குறி தவறாமல். முடிவில் மகளைத் தூக்கி வைத்து, "உம்மாவுக்கு ஸலாம் சொல்லு" என்றேன். அவள் ரெக்கோடரின் மூலையைக் கடித்தாள்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. "கதை நல்லம். ஆனா சேவல் வழக்குக்கு நடுவில மீன்காரன்ட ஹோர்ன் கேட்டுது. அண்டைக்கு என்ன மீன் வாங்கினீங்க?"

நான் யோசித்துப் பார்த்தேன். நினைவு வரவில்லை. ராத்தாவிடம் கேட்டேன், அவளுக்கும் நினைவில்லை. அந்தக் கடிதத்தின் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. "படலையைச் சாத்தாம வாசியுங்க. கொஞ்சம் நிப்பாட்டி நிப்பாட்டி வாசியுங்க. இடையில வீட்டுச் சத்தம் கேக்கட்டும்."

அதற்குப் பிறகு நான் வாசலில் இருந்து வாசித்தேன். ஒரு பந்தி முடிந்ததும் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுச் சும்மா இருப்பேன், கசற் ஓடும். காகம், பம்பு மெசின், பள்ளிவாசல் பாங்கு, ராத்தா யாருடனோ தண்ணீர் வரிசைக்குச் சண்டை பிடிப்பது, காற்று கிடுகை உரசுவது. ரெக்கோடரைக் கடல் பக்கம் திருப்பி, "இண்டைக்குக் கடல் அடியா இருக்கு, அலை பெருசு" என்று இடையில் சொல்வேன். அன்றைய மீனின் பெயரை முதலிலேயே சொல்லிவிடுவேன். மகள் வளர வளர அவளுடைய பங்கும் கூடியது. "உம்மா, நான் விழுந்தன். உம்மா, ரத்தம் வந்திச்சு. உம்மா, இப்ப இல்ல."

தொகுப்பில் ஒரு சித்திரம், மனைவி தாய்வீட்டுக்குப் போன மூன்று நாளில் கணவன் வீட்டில் உப்பைத் தேடி அலைவதைப் பற்றியது. புத்தகத்திலேயே அதிகம் சிரிக்க வைப்பது அதுதான். ஒரு நாள் அதை வாசிக்கத் தொடங்கினேன். அவர் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து நாக்கில் வைத்துப் பார்க்கும் இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. பட்டனை அமத்த மறந்து அப்படியே இருந்தேன். பிறகு வேறு கதைக்குப் போனேன். அந்தக் கசற்றுக்கு அவள் எழுதியது ஒரு வரிதான். "அந்த உப்புக் கதையை இனி எடுக்க வேணாம்."

கசற்றுகளைத் தபாலில் போடப் புத்தளத்துக்குக் கொண்டு போவேன். வழியில் சோதனைச் சாவடி. ஒரு தடவை ஒரு சிப்பாய் கசற்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அந்த நாட்களில் தமிழ்க் குரல் உள்ள கசற் என்றால் சும்மா விடமாட்டார்கள். என்ன இது என்று சிங்களத்தில் கேட்டான்.

"கதந்தர, மஹத்தயா. என்ட மனுசிக்கு," என்றேன். அவனுடைய பாசையில் கதைக்கு உள்ள சொல் அது ஒன்றுதான் எனக்கு அப்போது வாயில் வந்தது.

அவன் சாவடிக்குள் இருந்த ஒரு ரெக்கோடரில் போட்டான். மணல் மூட்டைகளுக்கு இடையில் என் குரல் "கனம் நீதிபதி அவர்களே" என்றது. இரண்டு சிப்பாய்கள் முகம் இறுக்கமாக நின்று கேட்டார்கள். நான் பஸ்ஸில் இருந்து இறக்கப்பட்ட மற்றவர்களோடு வெயிலில் நின்றேன். பிறகு மகளின் குரல் வந்தது. சேவல் போலக் கூவிக் காட்டினாள், கூவி முடியாமல் தானே சிரித்தாள். ஒரு சிப்பாய்க்கும் சிரிப்பு வந்துவிட்டது. கசற்றைத் தந்து, "எத்தனை வயசு?" என்று தமிழில் கேட்டான். நாலு என்றேன். அவன் தன்னுடைய விரல் மூன்றைக் காட்டினான். அவனுக்கும் ஊரில் ஒரு பிள்ளை போல.

இரண்டு வருடம் நாலு வருடமானது. இடையில் ஐந்து மாதம் கடிதமே இல்லை. ஏஜென்சியில் கேட்டால், "வீடு மாறியிருப்பா, வரும்" என்றார்கள். அந்த ஐந்து மாதமும் நான் வாசித்துப் பதிந்து வைத்தேன், அனுப்ப விலாசம் இல்லை. சிரிப்பு வர வேண்டிய இடங்களில் நிறுத்தி, அந்த விக்கல் சத்தத்துக்குக் காத்திருப்பேன். கடல் மட்டும் கேட்கும்.

பிறகு அவள் அனுப்பிய ஒரு கசற் வந்தது. புது வீட்டில், படுக்கையில் கிடந்த ஒரு வயதான பெண்ணைப் பார்க்கும் வேலை என்றாள். தாழ்ந்த குரலில், யாருக்கோ பயந்து கதைப்பது போல இருந்தது. "அந்தக் கிழவிக்குச் சேவல் கதையைச் சொன்னன். எனக்குத் தெரிஞ்ச அரபியில. நீதிபதிக்கு அரபியில என்ன எண்டு தெரியாது, நம்மட ஊரில சொல்ற மாதிரி காதி எண்டு சொன்னன். சிரிச்சா. நானும் சிரிச்சன்." அதற்குப் பிறகு அவள் உண்மையிலேயே சிரித்தாள், கொஞ்சம்தான். ராத்தா கசற்றைப் பின்னால் ஓடவிட்டு அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அவள் திரும்பி வந்த அன்று மகளுக்கு ஆறு வயது. வான் வந்து நின்றதும் மகள் ராத்தாவின் பின்னால் போய் ஒளிந்தாள். என் மனைவி மெலிந்திருந்தாள். மகளைத் தூக்கக் கை நீட்டி, பிறகு கையை மடக்கிக்கொண்டு, சொக்லட் பெட்டியை ராத்தாவின் கையில் கொடுத்தாள்.

அவளுடைய பயணப் பெட்டியைப் பிரித்தபோது நான் அனுப்பிய கசற்றுகளைக் காணவில்லை.

"அங்க விட்டிட்டு வந்தன்," என்றாள். "எனக்குப் பதிலா வந்த பிள்ளை மூதூர்ப் பக்கம். அவளுக்கு வாசிச்சு அனுப்ப ஆரும் இல்ல."

எனக்கு மனது கொஞ்சம் நொந்தது.

இரண்டு நாள் மகள் அவளோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். மகள் ரெக்கோடரை முன்னால் வைத்துக்கொண்டு பாயில் இருந்தாள். அதற்குள் பற்றரி இருக்கவில்லை. அவள் பட்டனை அமத்திவிட்டு வழக்கம் போலப் பேசினாள்.

"உம்மா, எங்கட வீட்ட ஒரு ஆள் வந்திருக்கிறா. சொக்லட் தந்தா. நான் அவவோட கதைக்கயில்ல."

அடுப்படியில் இருந்த என் மனைவி எழுந்து வந்தாள். மகளைப் பார்க்காமல், ரெக்கோடருக்குப் பக்கத்தில் குந்தி, அதற்குள் சொல்வது போலக் கேட்டாள்.

"ஏன் மகள் கதைக்கயில்ல?"

மகள் பட்டனை இன்னொரு தடவை அமத்தினாள். பிறகு அவளும் ரெக்கோடரிடமே சொன்னாள். "எனக்கு வெக்கமா இருக்கு."

"அவவுக்கும் வெக்கமாம்."

நான் உள்ளே போகாமல் தண்ணீர்த் தாங்கிப் பக்கம் நடந்தேன்.

ஒரு கிழமைக்கு மேல் அவர்கள் இருவரும் அப்படித்தான் கதைத்தார்கள். என்ன மீன் பிடிக்கும், யார் பள்ளிக்கூடத்தில் அடிக்கிறார்கள், சவூதியில் காகம் இருக்கிறதா, எல்லாம் அந்தப் பெட்டி வழியாக. எந்த நாளில் அது தேவையில்லாமல் போனது என்று எனக்குத் தெரியாது. ஒரு பகல் நான் வந்தபோது மகள் அவளுடைய மடியில் தலையைக் கொடுத்திருந்தாள், அவள் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தை எடுத்து வரட்டுமா என்று கேட்டேன்.

"இப்ப வேணாம்," என்றாள் என் மனைவி. "இவள் கதை சொல்லிக்கொண்டிருக்கிறாள்."